பன்னிரண்டு சதுரங்களின் ஏப்ரல்

கால்ட்டன்ரோட்,
18 பிப்ரவரி 2018

அன்புள்ள லியோபா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அதில் தேதி இல்லை. ஐம்பத்தாறு வயதில், டாக்டர் பட்டமும் வாங்கிய பிறகு, தேதி போடாமல் கடிதம் எழுதுகிறவளை எங்கள் மடத்துப் பள்ளியில் மதர் எடெல்ட்ரூட் மறுபடி முதல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார். நான் நலமா என்றும் நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நலம். இடது முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் ஒத்துப்போவதில்லை.

அப்பாவின் தாள்களைக் கேட்டிருக்கிறாய். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. காட்டில் அவர் அளந்து குறித்த பன்னிரண்டு சதுரங்களுக்கும் பத்து வருடத்துக்கு ஒரு தாள். 1968 முதல் 2008 வரை ஐந்து வரிசை. ஒவ்வொரு தாளிலும் இரண்டு பத்தி, ஏப்ரலுக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. பீச் மரங்கள் இலை விட்டு மூடுவதற்குள் பூத்து, விதைத்து, மண்ணுக்குள் திரும்பிவிடுகிற செடிகளை ஜூலையில் போய் யார் பார்க்க முடியும்? மற்ற வன ரேஞ்சர்கள் ஜூலையில் ஒரு தடவை போவதோடு சரி. உன் அப்பா இரண்டு தடவை போனார். அவர் காட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார், நான் மையால் தெளிவாக எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

அந்தத் தாள்களைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீ வந்து எடுத்துக்கொள். உன் அறையில் இப்போது தையல் இயந்திரம் இருக்கிறது. நகர்த்திவிடலாம்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ கோவிலில் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, ஒரு வாய் காப்பிக்குக்கூட நிற்காமல் ரயிலுக்குப் போனாய். அதை ஊரே பார்த்தது. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு வெண்டலினை உனக்கு ஞாபகம் இருக்கும். மரம் இழுக்கிற டிராக்டர் ஓட்டியவர். உன் கடித உறையைப் பார்த்துவிட்டு, "என்ன ரேஞ்சரம்மா, ஸ்லோவேனியாலேர்ந்து கடுதாசியா? டாக்டரம்மாவுக்கு இந்த ஊரு பேரு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்றார். "உங்க பேருதான் மறந்துபோச்சாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அன்புடன்,
அம்மா


லூப்லியானா,
3 மார்ச் 2018

அன்புள்ள அம்மா,

தேதி போட்டிருக்கிறேன். முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா? மாடியில் படுப்பதை விட்டுவிட்டுக் கீழே படுத்தால் என்ன?

தாள்கள் அங்கேயே இருக்கட்டும். வன அலுவலகத்தில் அவற்றின் நகல் இருந்தது, வாங்கிவிட்டேன். மரம் வெட்டி நிர்வகிக்கிற பீச் காடுகளில் கீழ்ச்செடிகள் ஐம்பது வருடத்தில் எப்படி மாறின என்று நானும் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதுகிறோம். ஏழு நாடுகளிலிருந்து பட்டியல்கள் வந்திருக்கின்றன. அப்பாவுடையது போல ஒழுங்கான பட்டியல் வேறெங்கும் இல்லை. இதை நான் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

ஆனால் அம்மா, ஒரு விஷயம் இருக்கிறது. 1998 ஏப்ரல் பத்தியும் 1988 ஏப்ரல் பத்தியும் ஒன்றேதான். பன்னிரண்டு சதுரத்திலும் அதே செடிகள். எந்தச் செடி எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று போட்ட எண்கூட மாறவில்லை. காட்டில் அடுத்தடுத்த இரண்டு வருடத்தில்கூட அப்படி வராது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. அப்பா பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்த வருடம் அக்டோபரில் தங்க மான் விடுதியில் நடந்த கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்குச் சரிவில் மரம் வெட்டுவதை நிறுத்த வேண்டும், டிராக்டர் தடங்களால் வசந்தகாலச் செடிகள் போய்க்கொண்டிருக்கின்றன என்று நான் பேசினேன். அப்பா எழுந்து அந்தத் தாள்களை உயர்த்திக் காட்டினார். "பத்து வருஷத்துல ஒரு செடி குறையல. எம் பொண்ணு புஸ்தகத்துல காடு பாக்குறா, நான் காட்டுலயே காடு பாக்குறேன்" என்றார். பின்னாலிருந்து யாரோ, "டாக்டரம்மா, அடுத்த தடவ செருப்புல கொஞ்சம் சேறு ஒட்டிக்கிட்டு வாங்க" என்றார்கள். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான், அப்பாவின் அடக்கத்தைத் தவிர, இருபது வருடம் நான் அந்த ஊருக்கு வரவில்லை.

இப்போது கோபம் இல்லை. அவர் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த வசந்தம் அது. போக முடியவில்லை, ஒப்புக்கொள்ளப் பெருமை விடவில்லை. அவரும் சறுக்கக்கூடிய மனிதர்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஏனோ பாரம் குறைந்திருக்கிறது. இருபது வருடமும் உங்கள் மீதும் சேர்த்துக் கோபப்பட்டேன், அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே என்று. உங்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்?

மே மாதம் தூய ஆவித் திருநாளுக்கு இங்கே வாருங்கள். முற்றத்தைப் பார்த்த அறை ஒன்று சும்மா கிடக்கிறது. மாடிப்படி இல்லை. ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
லியோபா


கால்ட்டன்ரோட்,
11 மார்ச் 2018

அன்புள்ள லியோபா,

அப்பாவைப் பற்றி அப்படி எழுதாதே. பதில் சொல்ல அவர் இல்லை.

வருகிறேன். மே பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இடம் எடுத்தாகிவிட்டது. மியூனிக்கில் ஒரு தடவை மாற வேண்டும், நாற்பது நிமிடம் இடைவெளி. போதும். ரொட்டிக்கடை எர்னாவிடம் தற்செயலாகச் சொன்னேன், மாலைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. "பொண்ணு வீட்டுக்கா? எத்தன நாளு?" என்று கேட்டாள். "அவ விடுற வரைக்கும்" என்றேன். எனக்கே வேடிக்கையாக இருந்தது, இப்படிப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

நீ சின்னவளாக இருக்கும்போது விரும்பிச் சாப்பிட்ட ப்ளம் மசியல் இரண்டு புட்டி எடுத்து வருகிறேன். உன் வீட்டில் யாருக்கும் பால் ஒத்துக்கொள்ளாதா, வேறு எதுவும் உண்டா, எழுது. அங்கே ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்பதையும்.

அன்புடன்,
அம்மா


லூப்லியானா,
30 மார்ச் 2018

அன்புள்ள அம்மா,

இங்கே யார் இருக்கிறார்கள், நான் ஒருத்திதான். பால் ஒத்துக்கொள்ளும். ஞாயிறு பூசை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும், இரண்டுக்கும் நான் போவதில்லை, உங்களோடு ஒன்றுக்கு வருகிறேன்.

கட்டுரையில் அப்பாவைப் பற்றி வரப்போகிற வாக்கியம் இது: "கால்ட்டன்ரோட் காட்டின் 1998 வசந்தப் பதிவு, பதிவாளர் முந்தைய தாளிலிருந்து நகலெடுத்தது எனக் கருதப்படுவதால் சேர்க்கப்படவில்லை." எவ்வளவு மென்மையாக எழுத முடியுமோ அவ்வளவு மென்மையாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் பெயர் வரும். அவர் பெயரில்தான் பட்டியல் இருக்கிறது. உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு உதவி. இது பட்டியல் எடுக்கிற வருடம். சதுரங்களின் மூலையில் அப்பா அடித்த ஓக் கட்டை முளைகள் இன்னும் இருக்கின்றனவா என்று, இலை மூடுவதற்குள் வெண்டலினை ஒரு நடை போகச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம். அறைக்குப் புதுத் திரை தைத்திருக்கிறேன், பச்சை.

லியோபா


கால்ட்டன்ரோட்,
15 ஏப்ரல் 2018

அன்புள்ள லியோபா,

நான் போனேன். வெண்டலின் தன் பழைய ஜீப்பில் மேற்குச் சரிவின் அடிவரை கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து கோலூன்றி நடந்தேன். நாற்பத்தெட்டு முளைகளில் நாற்பத்தொன்று இருக்கின்றன. மீதி டிராக்டர் சக்கரத்தில் போயிருக்க வேண்டும். அவரே ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் பத்தியை நானே எடுத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. தாள் இந்த உறையில் இருக்கிறது. மஞ்சள் அனிமோன் ஏழாம் சதுரத்தில் மட்டும், மூன்று தண்டு. மார்ச் கிண்ணம் என்கிற வெள்ளைப் பூ எங்கும் இல்லை. அப்பா மண்டியிட்டுப் பார்த்த அந்த ஊதாக் கோரிடாலிஸ் பூ, நான்காம் சதுரத்தில் பாய் விரித்ததுபோல இருக்குமே, அங்கே இப்போது ராஸ்பெரி முள்ளும் காஞ்சொறியும். சின்ன மஞ்சள் காசித்தும்பை எல்லா இடத்திலும் முளைவிட்டிருக்கிறது. தலையெண்ணிப் பார்த்தால் 1968ஐ விட இன்று செடிவகை அதிகம். இருபத்துமூன்று இருந்த சதுரத்தில் முப்பது இருக்கிறது. கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். வழியோரத்தில் எங்கும் வளர்வது உள்ளே வந்திருக்கிறது, அங்கே மட்டும் வளர்ந்தது போய்விட்டது.

ஐந்தாம் சதுரத்தில் ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து வெண்டலினிடம் உன் வாக்கியத்தைச் சொன்னேன்.

"யாரு, ரேஞ்சரா காப்பியடிச்சாரு?" என்றார். "ஏம்மா, ஒரு மார்ச் கிண்ணத்துக்காக என் டிராக்டர அர நாள் நிறுத்தி வச்ச மனுஷன் அவரு. மழ வேற. நான் கெட்ட வார்த்தையில திட்டினேன், அவரு அந்தப் பூவோட தேதியக் குறிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"பொண்ணு அப்படித்தான் நெனைக்கிறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கோலின் நுனியால் சருகைக் கிளறினேன்.

"செத்தவருதானே, அவரு மேல என்ன வேணா எழுதிக்கலாம். வந்து கேக்கவா போறாரு?" என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் தெர்மோஸ் இருக்கிறது என்று எழுந்து போனார்.

லியோபா, அது அப்பா இல்லை. நான்.

அந்த ஏப்ரலில் அவரால் போக முடியவில்லை. "நீ போயிட்டு வா ஒட்டீலியா, என்னவிட உன் கண்ணு கூர்மை" என்றார். நான் தினமும் பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஈஸ்டர் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. அவர் கேட்கும்போதெல்லாம் "போயிட்டு வந்துட்டேன்" என்றேன். "கோரிடாலிஸ் வந்திருக்கா?" "வந்திருக்கு." அறுபது வயதுப் பெண் நான், படுக்கையில் கிடக்கிற மனிதரிடம் பொய் சொன்னேன், அவர் கவலைப்படக் கூடாது என்று.

மே இருபத்தாறாம் தேதிதான் போனேன். மேலே இலை மூடிவிட்டது. கீழே ஒன்றும் இல்லை. காய்ந்த தண்டுகூட இல்லை. நான் தாமதமாக வந்தேன், எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கின்றன, கிழங்குகள் அடியில்தானே இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மை. வீட்டுக்கு வந்து 1988 தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஏப்ரல் பத்தியை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. பார்த்தாயா, எவ்வளவு நேர்மையானவள் நான்.

அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில் அதே தாளை உயர்த்திக் காட்டினார். நீ கேட்டாயே, ஏன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எழுந்து சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவரை ஊருக்கு முன்னால் சிறுமைப்படுத்துவதா, உன்னையா என்று வந்தபோது உன்னைத் தேர்ந்தெடுத்தேன். நீ இளையவள், தாங்கிக்கொள்வாய் என்று கணக்குப் போட்டேன். கூட்டத்தில் கை தூக்கினார்கள், சரிவில் வெட்டு தொடர்ந்தது.

கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பாவத்தையும் சொன்னேன். அப்போதிருந்த குரு இளைஞர். "பூக்களின் பட்டியலா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அதைவிடப் பெரியது பிறகுதான் வந்தது. 2008இல் அவர் குணமாகித் தானே போனார். பன்னிரண்டில் ஒன்பது சதுரத்தில் ஏப்ரல் செடிகள் இல்லை. மூன்றில் கொஞ்சம். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். "பத்து வருஷத்துல இப்படிப் போகுமா? தொண்ணூத்தெட்டுல நீயே பாத்தியே." நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பாத்தேன்" என்றேன். அதன் பிறகு எட்டு வருடம், சாகும் வரை, அந்தப் பத்து வருடத்தில் என்ன நடந்தது என்று தேடினார். மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். 2003 வெயிலா, மான்களா, மழையோடு இறங்குகிற நைட்ரஜனா என்று புத்தகம் புத்தகமாகப் படித்தார். காலை ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அதே கேள்வி. அந்தப் பத்து வருடத்தில் நடக்காத ஒன்றுக்கு அவர் காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும். அதுவும் நிச்சயமாகத் தெரியாது. 1998இல் அவை இருந்தனவா, அப்போதே போய்விட்டனவா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. நீ சொன்னது சரிதானா என்பதும் அந்த ஒரு பத்தியோடு போயிற்று.

உன் கட்டுரையில் "பதிவாளர்" என்று போடாதே. என் பெயரைப் போடு. ஒட்டீலியா ரோட்ஹாமர், பதிவாளரின் மனைவி.

மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டும். நீ அறையைப் பற்றி எழுதியிருந்தாய். அதனால் எழுதவில்லை.

அம்மா


லூப்லியானா,
2 மே 2018

அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. ஏப்ரல் தாளும் வந்தது. நன்றாக எடுத்திருக்கிறீர்கள்.

1998 ஏப்ரல் பத்தியை நீக்கிவிட்டேன். "பார்க்கப்படவில்லை" என்று வரும். அப்பா பெயர் அந்த வாக்கியத்தில் இருக்காது. உங்கள் பெயரும் தேவையில்லை. அந்த ஏப்ரலில் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்ற உறுதிமொழி இத்துடன் இருக்கிறது, கையெழுத்திட்டு அனுப்புங்கள், இதழ் ஆசிரியர்களுக்கு வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2009இலிருந்து அப்பா எனக்கு மூன்று கடிதம் எழுதினார். "வசந்தச் செடிகள் பத்து வருடத்தில் போய்விட்டன, உனக்குக் காரணம் தெரியுமா, நீ படித்தவள்" என்று. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. என்னைக் கூட்டத்தில் பொய்க்காரியாக்கிவிட்டு, இப்போது ஒன்றும் நடக்காததுபோலக் கேட்கிறாரே, கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பதில் போடவில்லை. மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை. போன வாரம் பிரித்தேன்.

அவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

திருநாளுக்கு வர வேண்டாம். பிறகு எப்போது என்று என்னால் இப்போது சொல்ல முடியாது.

லியோபா


கால்ட்டன்ரோட்,
19 ஜூலை 2018

அன்புள்ள லியோபா,

உறுதிமொழியில் கையெழுத்திட்டு மே மாதமே அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும். ஜூலைப் பத்தி இத்துடன் இருக்கிறது. வெயில் கடுமை, சரிவின் மேல்பக்கத்தில் பீச் இலைகள் இப்போதே பழுத்து உதிர்கின்றன. இந்தத் தடவை ஒவ்வொரு சதுரத்திலும் வெண்டலினை நிற்க வைத்து, நான் எழுதியதைப் படித்துக் காட்டி, அவரிடமும் கையெழுத்து வாங்கினேன். "எனக்குப் புல்லுக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா" என்றார். "நான் இங்க வந்தேன்னு தெரியும்ல, அது போதும்" என்றேன்.

ஜூன் மாதம் வன சங்கத்தின் கூட்டம் தங்க மானில் நடந்தது. நான் போனேன். அதே கூடம், நாற்காலி மட்டும் புதுசு. கடைசியில் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவர் கேட்டதும் எழுந்தேன். தொண்ணூற்றெட்டில் நீங்கள் கை தூக்கியது நான் பார்க்காமல் எழுதிய தாளை நம்பி, என் மகள் அன்று சொன்னது சரியாக இருந்திருக்கலாம் என்று சொன்னேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை.

பிறகு தலைவர், நல்ல மனிதர்தான், "உக்காருங்கம்மா, யாராவது தண்ணி குடுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் மனைவியிடம் மெதுவாக, "எந்தக் கூட்டம்?" என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில். மீதிப்பேருக்கு நினைவே இல்லை. இருபது வருடமாக இந்த ஊர் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, நான் வீம்புக்குத் தலை நிமிர்ந்து நடந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்து வராமல் இருந்தாய். நினைத்துக்கொண்டிருந்தது நாம் மூன்று பேர் மட்டும்தான்.

மே பதினெட்டாம் தேதி ரயில் புறப்படுகிற நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்று கேட்ட எர்னாவிடம் முழங்கால் என்று சொல்லிவிட்டேன். அது ஒரு பொய். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். அப்பா உனக்கு எழுதிய மூன்று கடிதங்களின் நகல் எனக்கு வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஒரே வீட்டில் இருந்தேன். அவர் அதை உன்னிடம் எந்த வார்த்தையில் கேட்டார் என்று படிக்க வேண்டும். அது எனக்குச் சுகமாக இருக்காது என்று தெரியும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

நீ எனக்கு எதுவும் எழுத வேண்டாம். உள்ளே நகல்கள் மட்டும் வைத்தால் போதும். உறையின் மேல் என் பெயரை அச்சடித்து ஒட்டாமல் கையால் எழுது.

அம்மா